நோட்டு நெறைய எழுதுறான், மார்க் மட்டும் வரல: ஆன்லைன் கணக்கு கிளாஸ் பத்தி ஒரு தாத்தாவோட கேள்வி

கேள்வி:

டீச்சர், வணக்கம். எனக்கு நீடாமங்கலம் பக்கத்துல ஒரு கிராமம். மகனும் மருமகளும் திருப்பூர்ல பனியன் கம்பெனில வேல பாக்குறாங்க, பேரன் எங்ககூட இருந்து அரசு பள்ளிக்கூடத்துல ஏழாவது படிக்கிறான், தமிழ் மீடியம். கணக்கு வரலன்னு மகன் ஜூன் மாசத்துலேந்து ஒரு ஆன்லைன் கிளாஸ்ல சேத்து விட்டான். தெனம் சாயங்காலம் ஏழு மணிலேந்து எட்டு மணி வரைக்கும் போன வச்சுகிட்டு உக்காந்திருக்கான், பக்கம் பக்கமா எழுதுறான், கேட்டா புரியுது தாத்தாங்கிறான். முதல் பருவ பரீட்சைல 60-க்கு 14. இப்ப அந்த கிளாஸ்காரங்க மூணு வருஷ பேக்கேஜ் எடுங்க, 36,000 ரூபா, தவணைன்னா மாசம் 1,150 வீதம் 36 மாசம் கட்டுங்க, பெரிய டேப் ஒண்ணும் வாங்கிடுங்கன்னு மகனுக்கு ஓயாம போன் பண்றாங்க. நான் எட்டாவதோட நின்னவன், மூணு மா நெலம் (ஏறக்குறைய ஒரு ஏக்கர்) வச்சு விவசாயம் பாக்குறேன், அந்த கிளாஸ்ல சொல்றது எனக்கு ஒண்ணும் வெளங்கல. கிளாஸ நிறுத்திடவா, பேக்கேஜ் எடுக்க சொல்லவா, டவுன்ல நேர் டியூஷனுக்கு அனுப்பவா? நான் பக்கத்துல உக்காந்தா ஏதாவது பிரயோசனம் உண்டா?

பதில்:

ஐயா, வணக்கம்.

கடைசியா கேட்டீங்களே, நான் பக்கத்துல உக்காந்தா பிரயோசனம் உண்டான்னு, அதுலேந்தே ஆரம்பிக்கிறேன். உண்டுங்கய்யா, ரொம்பவே உண்டு. மத்த மூணு கேள்விக்கும் நான் சொல்லப்போற பதில் இது மேல தான் நிக்குது, அதனால பொறுமையா படிங்க, எழுத்து சின்னதா இருந்தா பேரனையே படிச்சு காட்ட சொல்லுங்க, அவனுக்கு தெரியக்கூடாததுன்னு இதுல எதுவும் இல்ல. நான் மன்னார்குடி பக்கம் ஆறு ஏழு எட்டுக்கு கணக்கு எடுக்குற டீச்சர், சாயங்காலத்துல ஆன்லைன்லயும் எடுக்குறேன், அதனால ஸ்கிரீனுக்கு இந்த பக்கம் என்ன நடக்குது அந்த பக்கம் என்ன நடக்குதுன்னு ரெண்டும் தெரிஞ்சு தான் சொல்றேன்.

மொதல்ல பேரனோட ஆன்லைன் கிளாஸ் நோட்ட எடுத்து பொரட்டி பாருங்க. கணக்கு சரியா தப்பான்னு பாக்க வேணாம், அடிச்சு திருத்தின இடம் எங்கயாவது இருக்கான்னு மட்டும் பாருங்க. பத்து பக்கம் பொரட்டியும் ஒரு அடிச்சல் கூட இல்ல, எல்லாம் வரி புடிச்சாப்ல நீட்டா இருக்குன்னா அது அவன் போட்ட கணக்கு இல்லங்கய்யா, ஸ்கிரீன்ல டீச்சர் போட்டத பாத்து எழுதுனது. தானா யோசிச்சு கணக்கு போடுற புள்ளையோட நோட்டு அப்படி இருக்காது, ஒரு கணக்க பாதி வரைக்கும் போட்டு குறுக்க கோடு போட்டிருக்கும், ஓரத்துல பெருக்கி பாத்திருக்கும், ரப்பர் வச்சு தேச்சு பேப்பரே கிழிஞ்சிருக்கும்.

அவன் புரியுதுன்னு சொல்றது பொய்யும் இல்ல. டீச்சர் ஒரு கணக்க படிப்படியா போட்டு காட்டுறப்ப ஒவ்வொரு படியும் சரியா தான் தெரியும், ஆமா ஆமான்னு மனசு கூடவே போகும், அந்த நேரத்துல புரிஞ்சது மாதிரியே இருக்கும், ஆனா வெறும் தாள முன்னாடி வச்சா மொத படி எதுன்னு தெரியாது. கரையில நின்னு நாள் பூரா நடவ பாத்துகிட்டு இருந்தா கைக்கு நடவு வந்துடுமா சொல்லுங்க. பள்ளிக்கூடத்துல நான் பெஞ்சுக்கு நடுவுல நடக்குறப்ப எந்த புள்ளையோட பென்சில் எந்த வரில நிக்குதுன்னு கண்ணுக்கு தெரிஞ்சிடும். ஆன்லைன்ல எனக்கு தெரியுறது வெறும் பேரு, கேமரா ஆஃப், மைக் ஆஃப், புரிஞ்சுதான்னு கேட்டா சாட்ல வரிசையா எஸ் மிஸ் எஸ் மிஸ்னு வரும். அதுல யாரு நெஜமா எஸ் யாரு சும்மா எஸ்னு எனக்கு தெரியாது, அந்த இடத்துல தான் புள்ள பக்கத்துல ஒரு ஆளு வேணும்.

இன்னொண்ணு சொல்லணும், இத மகன்கிட்டயும் சொல்லுங்க. 2025-26-ல ஏழாவது படிக்கிற புள்ளைங்க 2020-21-ல ரெண்டாவது படிச்சவங்க. கொரோனாவுல 2020 மார்ச்ல மூடுன பள்ளிக்கூடம் ஒண்ணாவதுலேந்து எட்டாவது வரைக்கும் 2021 நவம்பர் 1-ஆம் தேதி தான் தொறந்தாங்க. அப்ப ரெண்டாவது முழுசும் மூணாவதுல பாதியும் இந்த புள்ளைங்க வீட்ல இருந்தாங்க. கடன் வாங்கி கழிக்கிறது, வாய்ப்பாடு, வகுத்தல் எல்லாம் கையில படியுற வயசு அது தான். அப்பறம் இல்லம் தேடிக் கல்வின்னு சாயங்கால வகுப்பு வச்சு அத சரி பண்ண பாத்தாங்க, நெறைய புள்ளைங்களுக்கு அது கை குடுத்துச்சு, எல்லாருக்கும் முழுசா ஒட்டிகிச்சுன்னு சொல்ல முடியாது. கணக்குல ஒரு படி விட்டுப்போனா மேல உள்ள படி எல்லாம் ஆடும். அதனால பேரனுக்கு ஏழாவது பாடம் வரலங்கிறதுக்கு காரணம் பல நேரத்துல ஏழாவது புத்தகத்துல இருக்காது, நாலாவது அஞ்சாவது புத்தகத்துல இருக்கும். அத கண்டுபுடிக்காம ஏழாவது பாடத்தயே திருப்பி திருப்பி ஆன்லைன்ல நடத்துனா எவ்வளவு நல்ல டீச்சரா இருந்தாலும் பலன் வராது.

எங்க விட்டுப்போச்சுன்னு நீங்களே கண்டுபுடிக்கலாம், அதுக்கு ஒரு சாயங்காலம் போதும். ஒரு தாள்ல இந்த கணக்க எழுதி குடுங்க, பக்கத்துல போன் வேணாம், நேரம் வைக்க வேணாம், பரீட்சைன்னு சொல்லவும் வேணாம், டீச்சர் கேட்டு விட்டாங்கன்னு சொல்லுங்க.

503-லேந்து 278 கழி. சரியான விடை 225. ஆனா 375-னு வந்துச்சுன்னா, மேல இருக்கோ கீழ இருக்கோ பெரிய எண்ணுலேந்து சின்னத கழிச்சுகிட்டே போறான்னு அர்த்தம், நடுவுல சுழி, அதாவது பூஜ்யம், வந்தா பக்கத்து எடத்துலேந்து கடன் வாங்க தெரியல. 612-அ 6-ஆல வகு, விடை 102, நெறைய புள்ளைங்க 12-னு எழுதும், நடுவுல உள்ள சுழிய முழுங்கிடும். அப்ப தப்புன்னு சொல்லாதீங்க, 612 ரூபாய ஆறு பேருக்கு பிரிச்சு குடுத்தா ஆளுக்கு பன்னெண்டு ரூபா தானாடான்னு மட்டும் கேளுங்க, ஆளுக்கு நூறு குடுத்தாலே அறுநூறு ஆச்சேன்னு அவனே சொல்லுவான். அடுத்தது 7 பெருக்கல் 8, ஏழாம் வாய்ப்பாட மொதல்லேந்து முணுமுணுத்து தான் வருதுன்னா வாய்ப்பாடு இன்னும் கைக்கு வரலன்னு எழுதி வச்சுக்குங்க. 0.5 பெருசா 0.35 பெருசா? முப்பத்தஞ்சு அஞ்ச விட பெருசு தானேன்னு 0.35-அ காட்டுவான், அம்பது காசு முப்பத்தஞ்சு காசுன்னு சொன்னா ஒடனே புடிச்சுக்குவான். இது இப்ப அவசரமா வேணும், ஏன்னா ஏழாவது ரெண்டாம் பருவம் தசம எண்ணுல தான் ஆரம்பிக்குது.

அப்பறம் அரையும் மூணுல ஒண்ணும் கூட்டுனா எவ்வளவு? இது தான் ஏழாவதுக்கு வர்ற புள்ளைங்க அதிகமா சறுக்குற கணக்கு. மேல உள்ளத கூட்டி கீழ உள்ளத கூட்டி 2/5-னு எழுதிடுவாங்க. மீ.சி.ம (மீச்சிறு பொது மடங்கு) எடு, அத வச்சு பெருக்குன்னு ஆன்லைன்ல நூறு தடவ சொன்னாலும் ஏன் அப்படி செய்யணும்னு அவனுக்கு தெரியாது, ஆனா நீங்க சொல்லி குடுக்கலாம். அறுபது குழி நெலம் இருக்குன்னு வச்சுக்க சொல்லுங்க. அதுல அரை எத்தன? முப்பது குழி. மூணுல ஒண்ணு? இருபது குழி. ரெண்டும் சேந்து அம்பது, அறுபதுல அம்பது, அதாவது 5/6. இப்ப அவன் எழுதுன 2/5-அ அதே அறுபது குழில பாக்க சொல்லுங்க, இருபத்து நாலு குழி தான் வரும். முப்பது குழியோட இன்னும் கொஞ்சம் சேத்தா இருபத்து நாலா கொறையுமாடா? இந்த ஒரு கேள்வி அவன் மண்டையில ஏறிடுச்சுன்னா அப்பறம் ஜென்மத்துக்கும் 2/5-னு எழுத மாட்டான்.

அடுத்தது கழித்தல் 7-ஓட 3-அ கூட்டுறது. ஊர் குளத்து படித்துறைய நெனச்சுக்க சொல்லுங்க, தண்ணி நிக்கிற படி சுழி, மேல ஏறுனா கூட்டல், தண்ணிக்குள்ள எறங்குனா கழித்தல். ஏழு படி உள்ள எறங்கி மூணு படி ஏறுனா இன்னும் நாலு படி தண்ணிக்குள்ள தான் நிக்கிறான், விடை கழித்தல் 4. நெறைய பேர் கழித்தல் 10-னு எழுதுவாங்க. புத்தகத்துல இதுக்கு எண்கோடு போட்டிருக்கும், படித்துறைய நட்டுக்க நிறுத்துனா எண்கோடு தான் அது.

கடைசியா ஒண்ணு, நடவுக்கு 12 ஆள் வந்தா 4 நாள் ஆகுது, 16 ஆள் வந்தா எத்தன நாள்? இதுக்கு விடை உங்களுக்கு தெரியும், பன்னெண்டு நாலு நாப்பத்தெட்டு, பதினாறுக்கு மூணு நாள். இது எதிர் விகிதம்னு முதல் பருவ புத்தகத்துல இருக்கு. புள்ளைங்க நேர் விகிதம் மாதிரி போட்டு அஞ்சு நாளும் சொச்சமும்னு கொண்டு வந்து வைக்கும், ஆள் கூடுனா நாள் எப்படிடா கூடும்னு அதுங்களுக்கு தோணவே தோணாது, ஏன்னா அத நடவா பாக்கல, எண்ணா மட்டும் பாத்துச்சு.

இந்த தாள்ல எது எது தப்போ அது தான் அடுத்த ரெண்டு மாசத்துக்கு அவனுக்கு பாடம். ஒரு விஷயத்துல கவனமா இருங்க, நாலாவது கணக்கு கூட தெரியலயேடான்னு சொல்லிடாதீங்க. பன்னெண்டு பதிமூணு வயசு பையனுக்கு ரோஷம் ஜாஸ்தி, அந்த ஒரு வார்த்தைல நோட்ட மூடிட்டு போயிடுவான், அப்பறம் ஆன்லைனும் கெடையாது நேர் டியூஷனும் கெடையாது. கும்பகோணம் பக்கத்துல பொறந்துட்டு, ராமானுஜன் படிச்ச மண்ணுல கணக்கு வரலயான்னு சொந்தக்காரங்க யாராவது வந்து சொன்னாலும் நீங்க தடுத்துடுங்க, அது புள்ளைக்கு உற்சாகம் குடுக்காது, பாரமா தான் எறங்கும்.

சரி, இப்ப கிளாஸ நிறுத்தணுமா? ஒடனே நிறுத்த வேணாம், பாக்குற விதத்த மாத்துங்க. ஏழு மணிக்கு கிளாஸ் ஆரம்பிக்கிறப்ப போன் அவன் கையில இருக்கக்கூடாது, ஒரு சொம்புலயோ புத்தக அடுக்குலயோ சாச்சு வைங்க, ஹெட்போன் வேணாம், சத்தம் வெளில கேக்கட்டும், நீங்க பக்கத்துல கயித்து கட்டில்ல உக்காந்து கேளுங்க. டீச்சர் கணக்க ஸ்கிரீன்ல எழுதுனதும் கேள்விய மட்டும் நோட்டுல எழுதிக்கட்டும், அவங்க போட்டு காட்டுறப்ப பேனாவ கீழ வச்சுட்டு பாக்கட்டும், பாத்து எழுதவே கூடாது. எட்டு மணிக்கு கிளாஸ் முடிஞ்சதும் போன அணைச்சு அடுப்படி பக்கம் பாட்டிகிட்ட குடுத்துடுங்க. அதுக்கு அப்பறம் ஒரு இருபது நிமிஷம், எழுதி வச்ச கேள்வில மூணே மூணு கணக்க எடுத்து அவனா போடணும். என்னைய கேட்டா கணக்கு படிப்புங்கிறது அந்த இருபது நிமிஷம் தான், அதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் நடந்தது அதுக்கான ஏற்பாடு. நேரம் பத்தலன்னா கிளாஸ்ல பாதிய விட்டாலும் பரவால்ல, இந்த இருபது நிமிஷத்த விட்டுடாதீங்க.

அந்த நேரத்துல உங்க வேல என்னன்னா, அவன உங்களுக்கு பாடம் நடத்த சொல்லணும். நீங்க கேக்க வேண்டியது இது தான், இந்த கணக்குல என்னப்பா கேட்டிருக்கான், இந்த படிய ஏன் இப்படி செஞ்ச, விடை சரின்னு உனக்கு எப்படி தெரியும். இதுக்கு நீங்க ஏழாவது பாடம் படிச்சிருக்க வேணாம். அவன் முழுங்குற எடம், மிஸ் அப்படி தான் தாத்தா போட்டாங்கன்னு சொல்ற எடம் தான் புரியாத எடம், அத நோட்டுல ஒரு வட்டம் போட்டு வைங்க. மறுநாள் பள்ளிக்கூடத்துல அவங்க கணக்கு டீச்சர்கிட்ட அந்த வட்டத்த காட்டி கேக்க சொல்லுங்க, இல்ல போட்டோ எடுத்து ஆன்லைன் டீச்சருக்கு வாட்சப்ல அனுப்புங்க. ஒண்ணுமே புரியலன்னு வர்ற புள்ளைக்கு எங்களால அவ்வளவா ஒதவ முடியாது, இந்த வரி புரியலன்னு வர்ற புள்ளைக்கு ரெண்டு நிமிஷத்துல ஒதவிடலாம்.

போட்டோ அனுப்புனா ஆன்லைன் டீச்சர் பாத்து திருத்தி அனுப்புறாங்களான்னு கவனிங்க, ஏன்னா அந்த கிளாஸ் வேணுமா வேணாமாங்கிறத அத வச்சு தான் முடிவு பண்ணணும். வாரத்துக்கு ஒரு தடவயாவது நோட்ட பாக்குறாங்களா, மாசத்துக்கு ரெண்டு தடவயாவது அவன் பேர சொல்லி கூப்பிட்டு மைக்க ஆன் பண்ணி ஒரு கணக்கு கேக்குறாங்களா, ஒரே நேரத்துல எத்தன புள்ளைங்க உக்காந்திருக்காங்க. இது எதுவும் இல்லன்னா அது கிளாஸ் இல்லங்கய்யா, வீடியோ தான், வீடியோவுக்கு மாசா மாசம் பணம் கட்ட தேவையில்ல.

ஏன்னா வீடியோ சும்மாவே கெடைக்குது, அதுவும் நம்ம பாடத்திட்டத்துலயே. பேரனோட கணக்கு புத்தகத்துல அங்கங்க க்யூஆர் கோடு இருக்கும் பாருங்க, தீக்ஷா ஆப்ப போட்டு அத ஸ்கேன் பண்ணா அந்த பாடத்துக்கு உள்ளது வரும், நெட் நல்லா இருக்குற நேரத்துல டவுன்லோடு பண்ணி வச்சுகிட்டா அப்பறம் நெட் இல்லாமயும் பாக்கலாம். இப்ப அடிக்கிற ஐப்பசி மழைல நம்ம பக்கம் டவர் என்னைக்கு நிக்கும்னு சொல்ல முடியாது, கரண்டும் போயிடும், அதனால இது அவசியம். பள்ளிக்கல்வித்துறை 2023-ல விட்ட மணற்கேணி ஆப்லயும் ஆறாவதுலேந்து பன்னெண்டாவது வரைக்கும் பாடம் இருக்கு, தமிழ்லயே இருக்கு, பணம் கெடையாது. வீட்ல டிவி இருந்தா கல்வி தொலைக்காட்சி. ரெக்கார்டு பண்ண வீடியோவுல ஒரு வசதி என்னன்னா கேள்விய காட்டுனதும் நிறுத்தி வச்சுட்டு தானா போட்டு பாத்துட்டு அப்பறம் ஓட விடலாம், நேரலைல அது முடியாது. இந்த நிறுத்துற பழக்கம் மட்டும் வந்துட்டா சும்மா கெடைக்கிற வீடியோவே பேரனுக்கு தாராளமா போதும்.

நடத்துறது என்ன மொழில, என்ன பாடத்திட்டத்துலன்னும் ஒரு நாள் உக்காந்து கேளுங்க. பேரன் தமிழ் மீடியம், மாநில பாடத்திட்டம், ஆனா இந்த மாதிரி கிளாஸ் பலது சிபிஎஸ்இ இங்கிலீஷ் மீடியத்துக்கு எடுக்குறத நடுநடுவுல தமிழ் பேசி எல்லாருக்கும் போடுறாங்க. அங்க இன்டீஜர்ஸ், ப்ராக்‌ஷன், எல்சிஎம்னு கேட்டுட்டு வந்து பரீட்சை தாள்ல முழுக்கள், பின்னம், மீ.சி.ம-னு பாத்தா புள்ள ரெண்டும் வேற வேறன்னு நெனச்சு பயந்துடுது. பாட வரிசையும் ஒத்து போகாது, இங்க முதல் பருவத்துல உள்ளது அங்க ஜனவரில வரும். 60-க்கு 14 வந்ததுல இதுக்கும் ஒரு பங்கு இருக்கலாம்னு எனக்கு படுது, கேட்டு பாருங்க.

இப்ப உங்க நெலம். மூணு மா நெலம் வச்சிருக்கேன், எட்டாவதோட நின்னவன்னு எழுதியிருக்கீங்க, ஆனா ஏழாவது எட்டாவது கணக்குல பாதி உங்க வயல்ல கெடக்கு ஐயா. ஒரு குழிங்கிறது பன்னெண்டு அடிக்கு பன்னெண்டு அடி, 144 சதுர அடி. நூறு குழி ஒரு மா, 14,400 சதுர அடி. இருபது மா ஒரு வேலி. ஞாயித்துக்கிழம மழ விட்டுச்சுன்னா வீட்டு வாசல்லயே கயிறு புடிச்சு ஒரு குழிய அளந்து கோடு போட சொல்லுங்க. அப்பறம் ரெண்டு பக்கத்தயும் ரெண்டு மடங்காக்கி 24 அடிக்கு 24 அடி போட சொல்லிட்டு, இப்ப எத்தன குழின்னு கேளுங்க. ரெண்டுன்னு தான் சொல்லுவான், கோட்ட போட்டு எண்ணுனா நாலு வரும். பக்கம் ரெண்டு மடங்கானா பரப்பு நாலு மடங்காகும்னு எந்த ஆன்லைன் கிளாஸ்லயும் இவ்வளவு அழுத்தமா பதியாது, நடந்து பாத்தவனுக்கு மறக்காது. அதோட மூணு மா ஒரு ஏக்கர்னு நாம பேச்சு வழக்குல சொல்றோமே, ஏக்கர்னா 43,560 சதுர அடி, நம்ம மூணு மா எத்தன சதுர அடி, எத்தன குழி கொறையுதுன்னு அவன கண்டுபுடிக்க சொல்லுங்க. 43,200 வரும், 360 சதுர அடி கொறையும், அதாவது ரெண்டர குழி. தாத்தாவோட சொந்த நெலத்து கணக்குன்னா அவனுக்கு அதுல ஒரு அக்கற வரும், புத்தகத்துல இருக்குற யாரோ ஒரு செவ்வக தோட்டத்து மேல அது வராது.

மூணாம் பருவத்துல சதவீதமும் தனிவட்டியும் வருது. டிபிசில, அதான் அரசு நேரடி நெல் கொள்முதல் நிலையத்துல, நெல்லு போடுறப்ப ஈரப்பதம் 17-க்கு மேல போகக்கூடாதுன்னு சொல்றாங்களே, 40 கிலோ மூட்டைல 17 சதவீதம்னா எத்தன கிலோ தண்ணி? 6.8 கிலோ. மழைல நனைஞ்சு 20 சதவீதம் ஆயிட்டா? 8 கிலோ. மூட்டைக்கு எவ்வளவு வித்தியாசம், நூறு மூட்டைக்கு எவ்வளவுன்னு நீங்க கேட்டுகிட்டே போகலாம், அடுத்த தடவ நெல்லு போடுறப்ப லீவு நாளா இருந்தா அவனயும் கூட்டிகிட்டு போய் அந்த மிஷின்ல நம்பர் வர்றத காட்டுங்க. ஊர்ல நூத்துக்கு ரெண்டு வட்டின்னு சொல்றாங்க, அது மாசத்துக்கு, வருஷத்துக்கு எத்தன சதவீதம்? இருபத்து நாலு. புத்தகத்துல வருஷ வட்டி தான் இருக்கும், இந்த மாசம் வருஷம் மாத்துறது தான் பரீட்சைல புள்ளைங்க கோட்ட விடுற எடம்.

அந்த பேக்கேஜ் விஷயத்துல எனக்கு ரெண்டு மனசு கெடையாது, எடுக்க வேணாம். மாசம் 1,150 வீதம் 36 மாசம்னா மொத்தம் எவ்வளவுன்னு பேரனயே பெருக்க சொல்லுங்க, 41,400 வரும், 36,000-க்கு மேல 5,400. பணத்த விட பெரிய சிக்கல் என்னன்னா, இப்ப மாசாமாசம் கட்டுறீங்க, புடிக்கலன்னா நிறுத்திக்கலாம், தவணைன்னு கையெழுத்து போட்டா அது பெரும்பாலும் ஒரு பைனான்ஸ் கம்பெனி கடனா மாறிடும், புள்ள கிளாஸுக்கு போகாட்டியும் மகனோட அக்கவுண்ட்லேந்து பணம் தானா போகும். 2021 டிசம்பர்லயே ஒன்றிய கல்வி அமைச்சகம் இந்த ஆன்லைன் கல்வி கம்பெனிங்க விஷயத்துல ஜாக்கிரதையா இருங்க, தானா பணம் புடிக்கிறதுக்கு சம்மதம் குடுத்துடாதீங்கன்னு பெத்தவங்களுக்கு எச்சரிக்கை விட்டுச்சு. மகன் ஏற்கெனவே எதுலயாவது ஓகே குடுத்துட்டு பணம் போக ஆரம்பிச்சிருந்தா 1915-ங்கிற நுகர்வோர் உதவி எண்ணுக்கு அடிச்சு புகார் பதிய சொல்லுங்க. ஓயாம போன் பண்றவங்ககிட்ட, என் புள்ளையோட நோட்ட இந்த மாசம் எத்தன தடவ திருத்துனீங்கன்னு மட்டும் கேக்க சொல்லுங்க.

டேப்பும் வேணாம். கண்ணுக்கு பெருசா தெரியும், கணக்குல அதனால வேற ஒண்ணும் கூடப்போறதில்ல. அந்த காசுல கோடு போடாத பெரிய நோட்டு நாலு, ஒரு நல்ல ஜாமெட்ரி பாக்ஸ், ஒரு சிலேட்டு வாங்குங்க. சிலேட்டு எதுக்குன்னா தப்பா போடுற பயம் போகும், அழிச்சுட்டு திருப்பி போடலாம். ராமானுஜனே காகிதம் வாங்க கட்டுபடியாகாம கும்பகோணத்துல சிலேட்டுல போட்டு முழங்கையால அழிச்சு அழிச்சு தான் கணக்கு போட்டாரு, பேரனுக்கு அவர பத்தி சொல்றதுன்னா இத சொல்லுங்க.

நேர் டியூஷன பத்தி கேட்டீங்க. அந்த ஏழு கணக்கு தாள்ல பாதிக்கு மேல தப்பா இருந்தா நேர் டியூஷன் தான் நல்லது, ஆனா டவுனுக்கு பஸ் ஏறி போற அளவுக்கு வேணாம், மழ நாள்ல இருட்டுல திரும்பி வரணும். உங்க ஊர்லயே பி.எஸ்சி, பி.எட் முடிச்சுட்டு இருக்குற புள்ள யாராவது இருக்கும், இல்லம் தேடிக் கல்வில வகுப்பு எடுத்த பொண்ணு யாராவது இருந்தா இன்னும் நல்லது, சின்ன வகுப்பு கணக்க பொறுமையா சொல்லி குடுத்து பழகியிருப்பாங்க. வாரத்துக்கு மூணு நாள், ஏழாவது பாடம் வேணாம், அந்த தாள்ல தப்பான எடத்த மட்டும் புடிச்சு சொல்லி குடுங்கன்னு கேளுங்க. தப்பு ரெண்டு மூணோட நின்னுச்சுன்னா டியூஷனே தேவையில்ல, நீங்களும் அவனும் அந்த இருபது நிமிஷமும் போதும்.

வாய்ப்பாடு விஷயத்துக்கு மட்டும் பாட்டிய சேத்துக்குங்க. காலைல பள்ளிக்கூடம் கெளம்புறப்ப அஞ்சு கேள்வி, வரிசையா இல்லாம மாத்தி மாத்தி. ஏழெட்டு மறந்துட்டா ஏழுநாலு இருபத்தெட்டு, இன்னொரு இருபத்தெட்டு சேத்தா அம்பத்தாறுன்னு அவனே கட்டிக்கிற வழிய காட்டி விடுங்க, மனப்பாடம் பண்ணதவிட இது நிக்கும்.

திருப்பூர்லேந்து அம்மாவும் அப்பாவும் ராத்திரி போன் பண்றப்ப மார்க் எவ்வளவு, கிளாஸ் பாத்தியான்னு தான் கேப்பாங்க. அவங்க அங்க ஷிப்டு முடிச்சு அசதியோட கேக்குறாங்க, பாவம், தப்பு சொல்லல. ஆனா அதுக்கு பதிலா இன்னைக்கு எந்த கணக்கு தப்பாச்சு, அப்பறம் எப்படி சரி பண்ணன்னு கேக்க சொல்லுங்க. தப்ப சொன்னா திட்டு விழாதுன்னு தெரிஞ்ச புள்ள தான் புரியலங்கிறத வாய தொறந்து சொல்லும், ஆன்லைன் கிளாஸ்ல மைக்க ஆன் பண்ணி சொல்ற தைரியமும் வீட்டுலேந்து தான் வரணும்.

இன்னும் ஒரு தகவல். அடுத்த வருஷம் எட்டாவதுல என்எம்எம்எஸ்னு ஒரு பரீட்சை இருக்கு, அரசு பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி புள்ளைங்களுக்கு, குடும்ப வருமானம் வருஷத்துக்கு மூணரை லட்சத்துக்கு மேல போகக்கூடாது. தேர்வானா ஒம்பதாவதுலேந்து பன்னெண்டாவது வரைக்கும் வருஷம் 12,000 ரூபா அவன் பேங்க் கணக்குலயே வரும். கணக்கும் அதுல உண்டு, பாதி தாள் யோசிச்சு போடுற கேள்வி. இப்பவே அத சொல்லி பயமுறுத்த வேணாம், பொங்கலுக்கு அப்பறம் பள்ளிக்கூடத்து டீச்சர்கிட்ட பழைய கேள்வித்தாள் கேட்டு வாங்கி வச்சுக்குங்க. மத்த சந்தேகத்துக்கு பள்ளிக்கல்வித்துறையோட 14417 எண் இருக்கு, தமிழ்லயே பேசலாம்.

இந்த சனிக்கிழம அந்த தாள போட சொல்லுங்க. எது தப்பாச்சுங்கிறத விட எப்படி தப்பாச்சுங்கிறது தான் எனக்கு வேணும், அதனால அடிச்சது திருத்துனது எதையும் அழிக்காம அப்படியே போட்டோ எடுத்து அனுப்புங்க, பாத்துட்டு எந்த வகுப்பு புத்தகத்துலேந்து ஆரம்பிக்கணும்னு எழுதுறேன்.